தாசண்ணைக்குச் சொல்லாமல் விட்டது

வவுனியா பஸ் நிலையத்தில் எங்கள் காலை பஸ் புறப்பட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. முன் வாசலில் நின்று "மாங்குளம், ஒட்டுசுட்டான், முள்ளியவளை, முல்லைத்தீவு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தாசண்ணையின் மனைவி றீற்றா அக்காவின் இலக்கம். அக்கா அழவில்லை.

"தம்பி, அவர் போட்டார்" என்றார்.

"எங்கையக்கா போட்டார்?" என்று கேட்டேன். அன்று கிளினிக் நாள், அங்கே போய்விட்டார் என்று நினைத்துவிட்டேன்.

"போட்டாரடா தம்பி" என்று இரண்டாந்தரம் சொன்னபோதுதான் எனக்கு விளங்கியது.

பஸ் நிறையச் சனம். இறங்கி ஓட முடியாது. முல்லைத்தீவு வரை எல்லாருக்கும் ரிக்கற் கிழித்துக் கொடுத்தேன். புதுக்குடியிருப்புக்குப் போக இருந்த ஒருவரை எந்தச் சந்தியில் இறக்கிவிட்டேன் என்று இப்போதும் எனக்கு நினைவில்லை. அவர் திட்டியது மட்டும் நினைவிருக்கிறது.

அந்தோனிப்பிள்ளை மரியதாஸ் என்பது அவருடைய முழுப்பெயர். தெருவில் எல்லாருக்கும் தாசண்ணை. பதினொரு வருடம் அவர் ஓட்டிய பஸ்ஸில் நான் கொண்டக்டராக இருந்தேன். இறக்கும்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. அறியாதவர்களுக்கும், அறிந்தவர்கள் அறியாத ஒரு விடயத்துக்குமாக இதை எழுதுகிறேன். எழுதச் சொன்னவர் றீற்றா அக்கா.

தாசண்ணை முல்லைத்தீவுக் கரையோரத்தில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனாரும் அண்ணன்மார் மூவரும் கடலுக்குப் போனவர்கள். இவருக்குக் கடல் ஒத்துவரவில்லை, வாந்தி வரும். "வள்ளத்திலை ஏறினாச் சத்திதான். அப்பா நாலு தரம் கொண்டுபோய்ப் பார்த்திட்டு, இவன் றோட்டுக்குத்தான் சரியெண்டு விட்டிட்டார்" என்று சிரித்துக்கொண்டு சொல்லுவார். இளவயதில் லொறிகளில் வேலை செய்து, பிறகு சாரதியாகி, கடைசியில் எங்கள் பஸ்ஸுக்கு வந்தார்.

வேகமாக ஓடமாட்டார். ஒவ்வொரு தரிப்பிலும் கண்ணாடியைப் பார்த்து "சனம் இருந்திட்டுதோ?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பார். சிங்களத்தில் கதைக்க வேண்டிய இடத்தில் எல்லாம் என்னை முன்னுக்கு விட்டுவிட்டு, தான் பேசாமல் நிற்பார். அவருக்கு அந்த மொழி தெரியாது என்றே நான் நினைத்திருந்தேன்.

நோய் எப்போது தொடங்கியது என்று எங்களுக்குத் தெரியாது. மாங்குளம் தாண்டிக் காட்டுப் பக்கம் வந்ததும் பஸ் திடீரென்று ஓரமாக நிற்கும். தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போவார். முதலில் ஒருதரம். பிறகு போகும்போது இரண்டு தரம், வரும்போது இரண்டு தரம். நான் சனத்துக்கு "ரயர் பார்க்கிறார்" என்று பொய் சொல்வேன். ஒருநாள் திரும்பி வந்து ஏறியவரின் முகம் வெளிறிப்போயிருந்தது. "இரத்தம் போகுது தம்பி. றீற்றாவுக்குச் சொல்லிப்போடாதை" என்றார்.

பெருங்குடலில் புண் என்றார்கள். குளிசைகள் கொடுத்தார்கள். கொஞ்சம் அடங்கும், பிறகு முன்னையிலும் மோசமாக வரும். குளிசையால் முகம் ஊதி, கை கால் மெலிந்து, சீற்றில் இருக்கும்போது வேறு யாரோ போலத் தெரிவார். ஞாயிறு பூசையில் கதவோரம் கடைசி வாங்கில்தான் இருப்பார். கலியாண வீடு, செத்த வீடு ஒன்றுக்கும் போவதில்லை. ஒரு இடத்துக்குப் போனால் அவருடைய கண் முதலில் கக்கூஸ் எங்கே என்று தேடும்.

ஒரு நாள் பயணி ஒருவர் எழுந்து நின்று, "உமக்கு ஒவ்வொரு நாளும் காட்டுக்குள்ளை என்ன வேலை? நாங்கள் வேலைக்குப் போறேல்லையோ?" என்று எல்லாருக்கும் கேட்கக் கத்தினார். அடுத்த நாள் தாசண்ணை பஸ்ஸை நிறுத்தவில்லை. ஒட்டுசுட்டான் தாண்டியதும் பஸ்ஸுக்குள் மணம் வந்தது. சனம் யன்னல்களைத் தள்ளித் திறந்தது. முன் சீற்றில் கைக்குழந்தையோடு ஒரு இளம் தாய் இருந்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். அந்தப் பெண் கூச்சத்தில் குழந்தையின் துணியை இரண்டு தரம் விலக்கிப் பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

முல்லைத்தீவில் எல்லாரும் இறங்கிய பிறகும் தாசண்ணை எழும்பவில்லை. ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"தம்பி, நீயும் இறங்கிப் போ."

"ஏனண்ணை?"

"போடா எண்டா போ."

கிட்டப் போனபோது விளங்கியது. என் சாரத்தை எடுத்துவந்து கொடுத்தேன். உடுப்பு மாற்றும்போது, "அந்தத் தாயைத்தான் எல்லாரும் பார்த்தவை. நான் வாய் திறக்கேல்லை" என்று சொல்லி அழுதார். தன்னுடைய மானத்துக்காக அழுதார் என்றுதான் நினைத்தேன். ஒரு கிழமை கழித்து முள்ளியவளைத் தரிப்பில் அந்தப் பெண் ஏறினார். தாசண்ணை சாரதிக் கதவைத் திறந்து இறங்கி, சுற்றி வந்து, அவருக்கு முன்னால் நின்றார். "பிள்ளை, அண்டைக்கு உங்கட குழந்தை இல்லை. நான்தான். எனக்கு வயித்திலை வருத்தம். குறை நினையாதேங்கோ" என்றார். பஸ் நிறையச் சனம் கேட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு துணிவு என்னிடம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

அதன்பின் இரண்டு மாதத்துக்குள் குடல் வீங்கி, காய்ச்சலோடு அவரைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். அவசரமாகப் பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு பை ஒட்டிவிட்டார்கள். உயிர் தப்பியது. இரத்தப்போக்கு நின்றது. மாதங்களுக்குப் பிறகு முதன்முறையாக நித்திரை கொண்டார் என்று றீற்றா அக்கா சொன்னார்.

ஆனால் வன்னி வெயிலில் வேர்வைக்குப் பை கழன்றுவிடும். கசிவது பட்டுத் தோல் புண்ணாகும். உப்பும் தண்ணீரும் உடம்பில் நிற்காது. அக்கா நாள் முழுக்க உப்புக்கஞ்சி காய்ச்சுவார். ஒருநாள் கிளினிக்குக்கு ஓட்டோவில் கூட்டிப்போனபோது பை ஒரு பக்கம் விட்டுவிட்டது. நான் என்னை அறியாமல் கையால் மூக்கைப் பொத்தினேன். அவர் அதைக் கண்டார். வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கையை எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஐந்தாறு மாதம் கழித்துச் சத்திரசிகிச்சை நிபுணர் வரச்சொன்னார். அவர் சிங்களவர், நல்ல மனிதர். மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனார்கள். வைத்தியர் முதலில் தாசண்ணையைப் படுக்கவைத்து, விரலால் சோதித்து, "இறுக்குங்கள்" என்றார். தசைக்கு நல்ல பலம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஒரு தாளின் பின்புறத்தில் மூன்று படம் கீறினார்.

மிச்சமிருக்கும் மலக்குடலையும் எடுத்தாக வேண்டும். விட்டால் அங்கும் புண் ஆறாது, நாளைக்குப் புற்றாகவும் மாறலாம். எடுத்தபின் மூன்று வழி. ஒன்று, இப்போது இருப்பதுபோல வயிற்றில் பையோடு ஆயுள் முழுக்க இருப்பது. இரண்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியை மடித்துத் தைத்து உள்ளுக்குள்ளேயே ஒரு பை செய்து, அதை மலவாசலோடு பொருத்துவது. வாசலை இறுக்கும் தசை கெடாதவர்களுக்கே அது சரிவரும். மூன்று, உள்ளே பை இருக்கும், ஆனால் வாசல் வயிற்றில். கசியாமல் பிடிக்கக் குடலாலேயே ஒரு வால்வு. நாளுக்குச் சில தடவை குழாய் விட்டு வடிக்க வேண்டும். அதைச் செய்பவர்கள் இப்போது குறைவு, வால்வு நழுவினால் திரும்பவும் வெட்ட வேண்டிவரும் என்றார்.

இவ்வளவையும் நான் ஒழுங்காகச் சொன்னேன்.

பிறகு வைத்தியர் பேனையை வைத்துவிட்டுத் தாசண்ணையைப் பார்த்துப் பேசினார். பையோடு இருப்பதைக் குறைவாக நினைக்க வேண்டாம், என்னிடம் வருபவர்களில் பையோடு எல்லா வேலையும் செய்பவர்கள் இருக்கிறார்கள், வாகனம் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள், ஒட்டுவதற்கும் தோலைக் காப்பதற்கும் நல்ல வழி காட்டுகிறோம் என்றார். உள்ளே செய்யும் பை பலருக்கு நன்றாக இருக்கும், சிலருக்கு நிலைக்காது, அழற்சி வரும், பக்கத்தால் ஓட்டை விழும், கெட்டால் அதையும் எடுக்க வேண்டும், அது முந்தியவற்றைவிடப் பெரிய வெட்டு, பிறகு வெளிப்பை நிரந்தரம் என்றார். வீட்டுக்குப் போய் மனைவியோடு யோசித்துவிட்டு வாருங்கள் என்று முடித்தார்.

"என்னவாம் தம்பி?" என்று றீற்றா அக்கா கேட்டார்.

"ரண்டாவதுதான் திறமாம் அக்கா. பை இல்லாமல் பழையபடி இருக்கலாமாம். இடைக்கிடை கொஞ்சம் கரைச்சல் வருமாம், மருந்துக்கு அடங்கிப்போடுமாம்."

இவ்வளவுதான் சொன்னேன். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. தாசண்ணை தாளில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பலதரம் என்னையே கேட்டிருக்கிறேன். வேறு சாரதிகளோடு வேலை செய்து எனக்கு அலுத்துவிட்டது, அவர் திரும்பி வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பது உண்மை. ஆனால் அது பாதி உண்மை. அந்தப் பையைக் காண எனக்கு அருவருப்பாக இருந்தது. அது இல்லாத தாசண்ணை எனக்கு வேண்டியிருந்தார். பாடுபடப்போவது அவருடைய உடம்பு. நான் என் மூக்குக்காகத் தீர்மானித்தேன்.

மலக்குடலை எடுத்து உள்ளே பை செய்தார்கள். அது ஆறும்வரை வயிற்றிலும் தற்காலிகமாக ஒரு வாய் வைத்தார்கள். அந்த மாதங்களில் தசையை இறுக்கி விடும் பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார்கள். நிற்கிற பஸ்ஸின் சாரதிச் சீற்றில் வந்து இருந்துகொண்டு, "கதையாதை, எண்ணுறன்" என்பார். மூன்றாவது சத்திரசிகிச்சைக்குப் போய் அந்த வாயையும் மூடிக்கொண்டு வந்தார். வந்து பத்தாம் நாள் என்னைப் போனில் கூப்பிட்டார்.

"தம்பி! காத்து வேறை, மற்றது வேறை எண்டு தெரியுதடா!"

ஐம்பதை எட்டிய மனிதர், ஒரு குழந்தைப்பிள்ளையைப்போலக் கத்தினார். பக்கத்தில் அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. அது எவ்வளவு பெரிய விடயம் என்று, அது இல்லாமல் போனவர்களுக்குத்தான் விளங்கும்.

நான்கு வருடம் நன்றாக இருந்தார். நாளுக்கு ஆறு ஏழு தரம் போகத்தான் வேண்டும், ஆனால் பொறுக்க முடிந்தது. மாங்குளத்தில் தேத்தண்ணிக் கடையில் ஒருதரம், அவ்வளவுதான். காட்டில் பஸ் நின்றதில்லை. உறைப்புச் சாப்பிடுவதில்லை. முன்பு விரும்பிக் குடித்த ஒடியற்கூழைக் கண்டால் பெருமூச்சு விடுவார். கோயிலில் கடைசி வாங்கிலிலிருந்து முதல் வாங்குக்கு வந்தார். மகளின் கலியாணத்தில் விடியத் தொடங்கி விருந்து முடியும்வரை கோட்டோடு நின்றார். ஒரு மனிதன் முழுநாளும் நிற்பதைப் பார்த்து அக்கா கண் கலங்கியதை அன்று நான் மட்டும்தான் கண்டேன் என்று நினைக்கிறேன்.

பிறகு காய்ச்சல் வரத் தொடங்கியது. ஆறு ஏழு தரம் போனது பதினைந்து, இருபதாகியது. மருந்துக்கு அடங்கியது, மருந்தை நிறுத்தத் திரும்ப வந்தது. கடைசியில் பக்கத்தால் ஓட்டை விழுந்து, இருக்கும் இடமெல்லாம் நனைந்தது. வைத்தியர் அன்று சொன்னது ஒன்றுவிடாமல் நடந்தது. ஒரு மாலை முல்லைத்தீவில் பஸ்ஸை நிறுத்தி, திறப்பை உருவி என் கையில் தந்து, "இனி நான் ஓடேல்லை" என்றார். நான் திறப்பை வாங்கினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

உள்பையை எடுத்தார்கள். பெரிய வெட்டுத்தான். மலவாசலையும் தைத்து மூடிவிட்டார்கள். வயிற்றில் பை, இந்தமுறை நிரந்தரம். வீட்டுக்கு வந்த இரண்டாம் கிழமை போய்ப் பார்த்தேன். முற்றத்தில் பூவரசு நிழலில், சாய்மனைக் கதிரையில் ஒரு பக்கம் சரிந்து இருந்தார். அக்கா கடைக்குப் போயிருந்தார். நான் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டேன்.

"அண்ணை, உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். அண்டைக்கு டொக்டர் சொன்னதிலை பாதியை நான் சொல்லேல்லை. இது கெட்டுப்போகும் எண்டவர். பையோடையும் பஸ் ஓடலாம் எண்டவர். நான் மறைச்சுப்போட்டன்."

அவர் கதிரையில் மற்றப் பக்கம் சரிந்துகொண்டார்.

"தெரியும்" என்றார்.

நான் கதிரையின் நுனிக்கு வந்தேன்.

"எட்டு வருசம் லொறியிலை காலி, மாத்தறை எண்டு சிங்கள ஊருகளிலை திரிஞ்சனான். கதைக்க நாக்கு வராது. கேட்டா விளங்கும். நீ சொல்லாமல் விட்டதும் விளங்கினது."

"பிறகேனண்ணை பேசாமல் இருந்தனீங்கள்?"

"நீ விட்டது எனக்கும் வசதியாப் போச்சு. கேட்டிருந்தா றீற்றா என்னை விட்டிருக்கமாட்டாள். எனக்கு ஒருக்கா எண்டாலும் பழைய ஆளா இருந்து பாக்கவேணும்போல கிடந்தது." மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டுச் சொன்னார். "நாலு வருசம் ஓடினனானடா. உதை நீ தூக்கிக்கொண்டு திரியாதை."

ஓட்டோவில் நான் மூக்கைப் பொத்தியதைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "தேத்தண்ணி குடிக்கிறியோ?" என்று கேட்டார். எழும்ப முடியாதவர், எனக்குத் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார்.

அதற்கு ஆறாம் நாள் விடியக் கட்டிலில் எழுந்து இருந்தவர், நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தார். காலில் இருந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்றார்கள். பெரிய சத்திரசிகிச்சைக்குப் பின் சிலருக்கு அப்படி வருமாம். அன்று வைத்தியர் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தால், இந்தச் சத்திரசிகிச்சையே அவருக்குத் தேவைப்பட்டிராது. அவர் விளங்கித்தான் தெரிந்தெடுத்தார் என்பது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். இருக்கவில்லை.

பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அது அவ்வளவு பாரமில்லாமல் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடற்கரைச் சேமக்காலையில், தகப்பனாருக்குப் பக்கத்தில், மணலுக்குள் இறக்கினோம்.

எட்டாம் நாள் செபம் முடிந்து சனம் கலைந்தபின், றீற்றா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் மறைத்தது, அவருக்கு விளங்கியிருந்தது, முற்றத்தில் கதைத்தது. அக்கா குசினி வாசலில் நின்றபடி கேட்டார். கோபப்படுவார் என்று பயந்தேன்.

"அப்ப உங்கள் ரண்டுபேருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார். "எனக்குத்தான் ஒருத்தரும் சொல்லேல்லை."

"அக்கா..."

"இருவத்தேழு வருசம் அவரோடை இருந்தனான். அந்தப் பையை நான்தான் கழுவினனான், நான்தான் ஒட்டினனான். எனக்கு அது ஒரு அருவருப்பாவும் இருக்கேல்லை தம்பி. என்னட்டைக் கேட்டிருக்கலாம்."

போக எழும்பியபோது அக்கா சொன்னார்: "இதை எழுதுங்கோ. நினைவு மலரிலை போடுவம். உங்களை மன்னிச்சுத்தான் சொல்லுறன் எண்டு நினையாதேங்கோ. இன்னொரு பொம்பிளை வாசிச்சா, டொக்டர் என்ன சொன்னவர் எண்டு திரும்ப ஒருக்காக் கேப்பா."

பிறகு உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். உடைக்காத வயிற்றுப் பைகள், ஒட்டும் பசை, தோலுக்குப் பூசும் மா. தேவைப்படுகிற வேறு யாருக்காவது கொடுக்கச் சொன்னார். அடுத்த நாள் பஸ்ஸில் என் சீற்றுக்குக் கீழே வைத்துக் கொண்டுபோய், வவுனியாவில் அவர் வழக்கமாகப் போகும் கிளினிக்கில் கொடுத்தேன். அங்கிருந்த தாதி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஆருடையது என்று கேட்டார். மரியதாஸ், முல்லைத்தீவு பஸ் சாரதி என்றேன். அவருடைய முகம் மலர்ந்தது.

"அட, தாசண்ணையோ? இனிப் பை தேவையில்லையாமோ?"

"இல்லை மிஸ். மோசம் போட்டார். ஒரு கிழமைக்கு மேலையாகுது."

அதுவரை நான் அதை யாருக்கும் வாயால் சொல்லியிருக்கவில்லை. தாதி பேனையைக் கீழே வைத்தார். "இங்கை வந்தா ஒருநாளும் கதிரையிலை இருக்கமாட்டார். ஆரையாவது வருத்தக்காரரை இருத்திப்போட்டுச் சுவரோடை நிப்பார்" என்று மெல்லச் சொல்லி, பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரிக்குள் அடுக்கினார். வெளியே வாங்கில் ஒரு இளம் பெடியன் தாயோடு காத்திருந்தான். சேட்டோடு சேர்த்து வயிற்றை ஒரு கையால் பொத்திப் பிடித்திருந்தான்.

தாசண்ணை, உங்கள் உடம்புக்கு இனி ஒரு நோவும் இல்லை. எங்களுக்குத்தான். ஆறுதலாகப் போங்கள் அண்ணை.